மூன்றாவது கல்

ஊரில் எல்லோருக்கும் அவர் கம்பிக்காரர். அலுவலகக் கோப்பில் இருந்த பெயரைச் சொல்லித் தேடி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். வீட்டில் மனைவி ‘ஏங்க’ என்பார். கோபம் வந்தால் அவரும் ‘கம்பிக்காரரே’ என்பார்.

கம்பி என்றால் ஆள் உயர எஃகுக் கம்பி. முனை கூம்பாக இருக்கும். எட்டுக் கிலோ இரும்புக் குண்டு ஒன்று அந்தக் கம்பியிலேயே கோத்து ஏறி இறங்கும். குண்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி விட்டால் தடாலென்று விழும். விழும் ஒவ்வோர் அடிக்கும் கம்பி மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கும். ஒரு சாண் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணி எழுதுவதுதான் அவருடைய வேலை. முதல் சாணுக்கு எத்தனை, இரண்டாவதுக்கு எத்தனை, இப்படி நான்கு சாண். சரிவில் வெள்ளையடித்த நான்கு கற்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லடியிலும் ஒருமுறை, வாரம் தவறாமல் திங்கட்கிழமை.

அந்தச் சரிவுக்குக் கீழே ஊர். பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். மேலே அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே புல்லும் மரமுமாக யாரும் உழாத, யாரும் கட்டாத களிமண் சரிவு. அதன் குறுக்கே, குடியிருப்பிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளித் தொடங்கி, நான்கு கிலோமீட்டர் மண்பாதை போனது. ஜீப்பில் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடலாம். குடியிருப்புக்கு அந்தப் பக்கமாக இன்னொரு சாலை உண்டு. முகட்டைச் சுற்றிக்கொண்டு வரும், கல் பரப்பிக் கெட்டித்த கப்பிச் சாலை. பத்தொன்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம்.

முன்பெல்லாம் மண்பாதையில் எந்நேரமும் வண்டி போகும். ஒரு மழைக்காலத்தின் கடைசியில், நல்ல வெயிலில், மரம் ஏற்றி வந்த லாரிக்குக் கீழே பாதையின் ஓரம் அப்படியே கழன்று போயிற்று. இரண்டு பேரை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவர் இவர். அப்போது சாலைப் பணியாளர் கூட்டத்தில் கூலியாக இருந்தார். அதற்குப் பிறகுதான் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு போட்டு, பூட்டும் போட்டு, கம்பியும் கொடுத்து அவரை அங்கே உட்கார வைத்தார்கள். எந்தக் கல்லடியிலாவது எந்தச் சாணிலாவது பன்னிரண்டு அடிக்குக் கீழே போனால் பாதை மூடல். பன்னிரண்டும் அதற்கு மேலும் இருந்தால் திறப்பு. சட்டம் அவ்வளவுதான். அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது.

முதல் இரண்டு வருஷம் அவருக்கு எண்கள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு மெல்ல மெல்ல மண் தெரிய ஆரம்பித்தது. கோடையில் அந்தச் சரிவு வெடித்துக் கிடக்கும். கை நுழையும் அகலத்துக்குப் பிளவுகள், அவற்றுக்குள் ஓணான்கள். புல்லின் வேர்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நூல் மாதிரி இழுபட்டு நிற்கும். ஒரு சாண் இறக்க அறுபது, எழுபது அடி. உள்ளங்கை காந்தும். முதல் மழை பெய்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஓடாது. பிளவுகள் வழியாக நேரே அடிமண்ணுக்குப் போய்விடும். களிமண் குடித்துக் குடித்து உப்பும். பத்து நாளில் பிளவுகள் இருபக்கமும் நெருங்கி, தழும்புகூட இல்லாமல் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்கிற மழை உள்ளே போக வழியில்லாமல் சரிவின் மேல் வழிந்தோடும். மரத்தடியில் மட்டும் வேறு கதை. அங்கே சருகு மெத்தை மாதிரிக் கிடப்பதாலும், மண்புழுக்கள் கிளறிக்கொண்டே இருப்பதாலும் மண் பொலபொலவென்று இருக்கும். எவ்வளவு பெய்தாலும் வாங்கிக்கொள்ளும். வெட்டவெளியில் மழைத்துளிகளே அடித்து அடித்து மண்ணுக்கு ஓடு கட்டிவிடும்.

இதையெல்லாம்விட அவரை மிரள வைத்தது மழை நின்ற பிறகு நடப்பதுதான். நான்கு நாள் வெயில் அடித்தால் மேல்மண் வெளுத்துவிடும். எட்டு நாளில் புழுதி பறக்கும். பார்க்கிறவர்கள் கோடை வந்துவிட்டது என்று சொல்வார்கள். ஆனால் மூன்றாவது கல்லடியில் இரண்டு சாணுக்குக் கீழே மண் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். மேலே காட்டில் எப்போதோ பெய்த மழை மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து அந்த இடத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. வானம் தெளிந்து, பறவைகள் கத்திக்கொண்டு, எல்லாம் அழகாக இருக்கும் அந்த நாட்களில்தான் அந்த இடம் இருப்பதிலேயே பலவீனமாக இருந்தது.

மனைவி பள்ளிச் சீருடைகள் தைப்பவர். முன்னறையில் தையல் இயந்திரம், நீலத் துணி, நூல்கண்டுகள். மண்ணைச் சின்னத் தகர டப்பாவில் எடுத்து வந்து அடுப்பில் காயவைத்து, காயும் முன்னும் பின்னும் எடை போட்டு ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதும் கம்பிக்காரரின் வேலையில் சேர்த்தி. “வீட்டுக்கு வீடு அடுப்புல கொழம்பு கொதிக்கும், நம்ம வீட்டுல சேறு வேகுது” என்பார் மனைவி. மகள் அந்த டப்பாக்களை அடுக்கி விளையாடித்தான் வளர்ந்தாள்.

இப்படியே பதினேழு வருஷம் ஓடிற்று.

பதினெட்டாவது வருஷம், மழை நின்று பன்னிரண்டு நாள். திங்கட்கிழமை. காலையில் கீழேயிருந்து ஏறத் தொடங்கி, நான்கு கற்களையும் முடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் மேல் தடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது கல்லில் முதல் சாண் முப்பத்தொன்று, இரண்டாவது இருபத்திரண்டு, மூன்றாவது ஒன்பது, நான்காவது ஏழு. அப்போது குடியிருப்பிலிருந்து ஜீப் வரும் சத்தம் கேட்டது.

ஜீப்காரர் இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினார். “அண்ணே, சீக்கிரம் திறங்க. தச்சருக்கு நெஞ்சு வலி.”

கம்பிக்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் தச்சர் மனைவியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. தச்சரின் அண்ணன்காரர், இன்னும் மூன்று பேர், நெருக்கியடித்துக்கொண்டு.

“திறக்க முடியாதுப்பா. உள்ள ஒம்பதுதான் இருக்கு.”

“என்ன ஒம்பது? பாதையப் பாருங்க, புழுதி பறக்குது.”

“மேலதான் காஞ்சிருக்கு. கீழ ஈரம். வண்டிய தாங்காது. அந்தப் பக்கமா போயிடுங்க.”

தச்சரின் அண்ணன் குதித்து இறங்கினார். “நாங்க எல்லாரும் இறங்கிக்கிறோம். அவனையும் அவளையும் மட்டும் ஏத்திட்டுப் போகட்டும். என் தம்பிங்க அவன்.”

கம்பிக்காரரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது. விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. வெறும் ஜீப்பே எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியும். லாரிக்கடியில் கிடந்த இரண்டு பேரின் முகத்தில் அப்பியிருந்த மண்ணும் தெரியும். தச்சரின் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் போங்க,” என்றார் கம்பிக்காரர். “பேசிக்கிட்டு நிக்காதீங்க. போங்க.”

அண்ணன்காரர் அவருடைய சட்டையைப் பிடித்தார். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். ஜீப் அந்தக் குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் போய்த் திரும்பி, வந்த வழியே மறுபடி குடியிருப்புக்குள் போய், முகட்டுச் சாலையைப் பிடித்தது. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடைசித் திருப்பத்தில் தச்சர் இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு.

இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் வந்தார். அவரே கம்பியைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது கல்லில் பத்தும் எட்டும். ‘விதிப்படி நடந்துகொண்டார், தவறு ஏதுமில்லை’ என்று ஒரு காகிதம் வந்தது. மனைவி அதைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“தப்பு இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க.”

“ஆமா.”

“அப்புறம் ஏன் தட்டை இப்படியே வச்சிருக்கீங்க?”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவர் வாசலுக்கு வந்து சரிவை நிமிர்ந்து பார்த்தார். அது இடிந்திருக்காதா என்று பார்த்தார். ஒரு மூலையாவது, பாதையின் ஓரம் ஒரு முழமாவது கழன்றிருந்தால், இதோ பாருங்கள் என்று கையைக் காட்டலாம். மூன்றாவது நாள்தான் தாம் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. உடம்பு கூசிப் போயிற்று. ஆனாலும் மறுநாள் காலையிலும் பார்த்தார். சரிவு அப்படியே இருந்தது. தச்சர் இறந்த பதினான்காம் நாள், திங்கட்கிழமை, மூன்றாவது கல் பதிமூன்று காட்டியது. அவர் தடுப்பைத் திறந்தார். முதல் வண்டியாக அதே ஜீப் போயிற்று. ஜீப்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு மேல் குடியிருப்பில் அவரோடு பேச்சு நின்றது. கீழே டீக்கடையில் அவர் போய் நின்றால் பெஞ்சில் இருந்தவர்களுக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது. மனைவியின் தம்பி மேல் குடியிருப்பில்தான் பெண் எடுத்து, அங்கேயே குடியிருந்தார். அந்த மச்சான் இவருடைய மகளின் கல்யாணத்துக்கு வரவில்லை. “வயித்து வலியாம்” என்று மனைவி சொன்னபோது அவருடைய குரலே அதை நம்பவில்லை. ஒருநாள் மேல் தடுப்பின் பூட்டுத் துவாரத்தில் யாரோ ஈரக் களிமண்ணைத் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் அது செங்கல்லாகியிருந்தது. அவர் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்து, கம்பியால் குத்தி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை.

கோடை நடுவில் ஒருநாள் தச்சரின் மனைவி சரிவில் தனியாக இறங்கி வந்தார். இவர் இரண்டாவது கல்லடியில் நின்றிருந்தார். குண்டை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குக் காட்டுங்க,” என்றார் அந்த அம்மாள்.

“எதை?”

“அந்த ஒம்பத.”

“இப்ப காட்ட முடியாதும்மா. இப்ப எல்லாம் கல்லு. அறுபத்தஞ்சு எழுபதுன்னு நிக்குது.” அவர் காலருகே இருந்த பிளவைக் காட்டினார். “மழை பேஞ்சு விட்டதுக்கு அப்புறம் வந்தா காட்டலாம்.”

அந்த அம்மாள் பிளவையே கொஞ்ச நேரம் பார்த்தார். “வரேன்,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

வரமாட்டார் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அந்த வருஷம் மழை வந்து, பிளவுகள் மூடி, பாதை மூன்று மாதம் பூட்டிக் கிடந்து, மழை விட்டு ஒன்பதாம் நாள் வந்த திங்கட்கிழமையில், மூன்றாவது கல்லின் மேல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்தில் முன்தலை நரைத்திருந்தது. காலில் தச்சர் போட்டுக்கொண்டிருந்த ரப்பர் செருப்பு.

பாதை வெளுத்துக் காய்ந்திருந்தது. அந்த அம்மாள் குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார். அது பொடியாக உதிர்ந்தது.

“காஞ்சுதானே இருக்கு?”

“நீங்களே அடிச்சுப் பாருங்க,” என்று அவர் கம்பியை நட்டு நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

குண்டு கனமாக இருந்தது. முதல் சில அடிகள் சரியாகத் தூக்க முடியவில்லை. அவர் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு கை பழகியது. முதல் சாண் இருபத்தேழு. இரண்டாவது பத்தொன்பது. அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. மூன்றாவது சாணில் ஓசை மாறிற்று. அதுவரை தடார் தடாரென்று கேட்டது, இப்போது தலையணையில் குத்துவது போல் அமுங்கிக் கேட்டது. எட்டு அடியில் ஒரு சாண். நான்காவது சாணில், குண்டைத் தூக்குமுன் அந்த அம்மாள் ஓய்வெடுத்த நேரத்தில், கம்பி குண்டின் கனத்துக்கே ஒரு விரற்கடை தானாக இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

கம்பியை இழுத்தபோது நுனியில் சாம்பல் நிறக் களிமண் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் அதைத் தொட்டார்.

“அன்னைக்கு ஜீப் போயிருந்தா இங்க விழுந்திருக்குமா?”

அவர் இந்தக் கேள்விக்கு ஒரு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தார். “தெரியாதும்மா. விழுந்திருக்கலாம். தாண்டிப் போயிருக்கவும் செய்யலாம்.”

“விழுந்திருக்கும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்.”

“ஆமா. ஆனா எனக்குத் தெரியாது.”

“நான் அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா திறந்திருப்பீங்களா?”

அவர் கம்பி நுனியில் ஒட்டியிருந்த களிமண்ணை விரலால் வழித்தெடுத்தார். “சாவியக் கையில பிடிச்சிருந்தேன்,” என்றார் கடைசியில். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், டப்பாவில் மண்ணை அடைத்து மூடி போடுவது போல் நின்றுகொண்டார்.

அழுது முடித்து, தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் கேட்டார். “இந்த எண்ணிக்கைய நீங்க எதுல எழுதுறீங்க?”

அவர் பதிவேட்டைக் காட்டினார். பச்சை அட்டை, வரிசை வரிசையாகத் தேதியும் எண்ணும்.

“இதை யாரு படிப்பாங்க?”

“மாசம் ஒருதடவை ஆபீசுக்கு அனுப்புவேன்.”

“அங்க இருக்கிறவங்க இந்தப் பாதையில போறாங்களா?”

“இல்ல.”

“எங்க வீட்டுலேருந்து உங்க தடுப்புக்கு மூணு கிலோமீட்டரு. அங்க வந்து, சண்டை போட்டு, வண்டியத் திருப்பி, மறுபடி வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போனோம். இருபத்தஞ்சு நிமிஷம். புழுதி பறக்குதேன்னு நாங்களா நெனச்சுக்கிட்டு வந்தோம். மூடியிருக்குன்னு முந்தின வாரமே தெரிஞ்சிருந்தா நேரா முகட்டு வழியா போயிருப்போம்.” குரல் உயரவில்லை. “அவரு கடைசித் திருப்பத்துலதான் போனாரு.”

கம்பிக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக ஊரே அவரைக் குற்றம் சொன்ன விஷயத்தைப் பற்றித்தான் அவரும் தம்மோடு தாமே வழக்காடிக்கொண்டிருந்தார். திறந்திருக்க வேண்டுமா, கூடாதா. இந்தப் பக்கம் அவர் யோசனை போகவே இல்லை. பதினெட்டு வருஷமாக மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று வாரந்தோறும் தெரிந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மேலே இருந்த அறுபது வீட்டுக்கும் மேல்மண் மட்டும்தான் தெரிந்தது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்குத் திறப்பு, மூடல் என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்.

“எனக்குத் தோணவே இல்லம்மா,” என்றார்.

“எங்களுக்கும் கேக்கத் தோணல,” என்றார் அந்த அம்மாள். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் தடுப்பைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடந்து குடியிருப்புக்கே போனார். மகள் பள்ளிக்கூடக் காலத்தில் வைத்திருந்த கரும்பலகையைத் தோளில் மாட்டியிருந்தார். மளிகைக் கடைக்காரரிடம், “சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிறேன்” என்றார். கடைக்காரர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் பலகையை மாட்டி, சாக்கட்டியால் எழுதினார்: ‘மேல் காய்ந்துள்ளது. இரண்டு சாணுக்குக் கீழே ஈரம். மூன்றாவது கல் 10. பாதை மூடல். அவசரம் என்றால் நேராக முகட்டுச் சாலை.’ கீழே தேதி. எழுதும்போது முதுகுக்குப் பின்னால் நான்கைந்து பேர் நிற்பது தெரிந்தது. எழுதி முடித்துத் திரும்பியபோது யாரும் வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. சுற்றிக்கொண்டு போனார்.

அலுவலகத்துக்கு இது எப்படியோ எட்டிற்று. அளவுகள் அரசு ஆவணம், அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. அவர் அதற்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பதில் எழுதினார். மனைவிதான் எழுத்துப்பிழை பார்த்தார். ‘மண்ணின் நிலை அதன் மேல் நடப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கருதுகிறேன்’ என்பது அதில் ஒரு வரி. அதற்கு மறுகடிதம் வரவில்லை. அவரும் எழுதுவதை நிறுத்தவில்லை. மழைக்கு இரும்பு உறை போட்ட பெரிய பலகை ஒன்றை மூன்று வருஷம் கழித்து அலுவலகமே அனுப்பியது, தாங்களே யோசித்த மாதிரி.

பலகைக்கு முதலில் பழகியவர்கள் பெண்கள்தான். இந்த வாரம் எட்டு என்றால் திறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று அவர்களே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தேதி குறித்திருந்த கர்ப்பிணிகளை முன்கூட்டியே கீழே உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு ஆண்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரம் பதினொன்றா பன்னிரண்டா என்று வாதாடினார்கள். மச்சான் வாயைத் திறந்ததும் அங்கேதான். ஒரு திங்கட்கிழமை, கம்பிக்காரர் சாக்கட்டியைக் கையில் எடுத்தபோது, பின்னாலிருந்து குரல் கேட்டது.

“என்ன மாமா, இன்னும் ஒம்பதுதானா? நீங்க எழுதுற அழகுக்கு ஒரு பத்தாவது போடக் கூடாதா?”

“மண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்,” என்றார் இவர், திரும்பாமலே. திரும்பியிருந்தால் கண் கலங்கியிருப்பது தெரிந்திருக்கும். அன்று மச்சான் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

தச்சரின் அண்ணன் மட்டும் பேசவில்லை. கடைக்கு வந்தால் பலகையைப் படிப்பார். இவரைப் பார்த்தால் போய்விடுவார். தச்சரின் மனைவி எதிரே வந்தால் நின்று ஒரு வார்த்தை பேசுவார். மழையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பெண்ணின் படிப்பைப் பற்றி. மன்னித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை.

இருபத்தொன்பது வருஷம் முடிந்து அவர் ஓய்வு பெற்றார். அத்தனை வருஷத்தில் அந்தச் சரிவு ஒருமுறையும் இடியவில்லை. தாம் மூடி வைத்ததால் இடியவில்லையா, எப்படியும் இடிந்திருக்காதா என்று அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வழியும் இல்லை. வழியனுப்பு விழாவில் யாரோ அவரை மண்ணின் மருத்துவர் என்று புகழ்ந்தபோது, “அப்படியெல்லாம் இல்லைங்க, நான் குத்திப் பாக்கிறவன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம் தச்சரின் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த அம்மாளே வீட்டுக்கு வந்து அழைத்தார். போவதா வேண்டாமா என்று அவர் இரண்டு நாள் மனதுக்குள் உழன்றார். மனைவி இஸ்திரி போட்ட சட்டையைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு, “கூப்பிட்டவங்களுக்குத் தெரியும், கிளம்புங்க” என்றார். மழைக்காலம். பலகையில் ஆறு என்று புது ஆள் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். முகட்டு வழியாகப் பேருந்தில் போனார்கள்.

தச்சுப் பட்டறையை ஒழித்துப் பந்தி போட்டிருந்தார்கள். மூலையில் இழைப்புளியும் ரம்பமும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அந்த அம்மாள் இவர்களைக் கூட்டிப்போய் நடுவரிசையில் உட்கார வைத்தார். எதிரே தச்சரின் அண்ணன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். இலையை மூடவில்லை, ஆனால் அப்படியே எழுந்து கைகழுவப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதது போல் சாப்பிட்டார்கள்.

“நாம எழுந்திருச்சுடலாமா?” என்று கம்பிக்காரர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“உக்காருங்க. பாதியில எழுந்தா அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத்தான் சங்கடம்.”

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். முடித்ததும் மணமக்களிடம் போய், மனைவி தைத்துக் கொண்டுவந்த படுக்கை விரிப்பைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் நெற்றி. அவள் குனிந்து வணங்கியபோது அவர் தலைமேல் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

திரும்பும்போது பேருந்தின் கண்ணாடியெல்லாம் மழை. மனைவி தோளில் சாய்ந்து தூங்கிப் போனார். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும் வரை விழித்திருந்தார்.